கூலியும் குடிக்கூலியும்

சென்னை மாநகரில் இந்நாளில் இரண்டு குறைகள் ஓயாமல் காதில் விழுகின்றன. ஒன்று, வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை என்பது. மற்றொன்று, குடியிருக்க வீடு கிடைப்பதில்லை என்பது. முதற்குறையைச் சொல்வோர் பெரும்பாலும் வீடுடையவர்கள்: மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் அடுக்குமாடிகளில் வாழ்வோர், தியாகராய நகரில் கடை நடத்துவோர், கட்டடம் கட்டுவிப்போர். இரண்டாம் குறையைச் சொல்வோர் உழைப்பை விற்று வாழ்வோர். இரு சாராரும் ஒரே தெருவில் நின்றுகொண்டுதான் பேசுகின்றனர். எனினும் முதற்குறைக்கு இரண்டாம் குறையே வேராக இருப்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

நம் தமிழ் இந்த உறவை முன்பே அறிந்திருந்தது. உழைப்புக்குத் தருவது கூலி. வீட்டுக்குத் தருவதை இன்று வாடகை என்கிறோம். அதற்குரிய பழந்தமிழ்ச் சொல் குடிக்கூலி. அரபு மொழியிலும் இவ்வாறே. ஃபிக்ஹுக் கிதாபுகளில் ‘இஜாரா’ என்றொரு பாடம் உண்டு. வீட்டை வாடகைக்கு விடுவதும் அப்பாடத்தில்தான் வருகிறது. ஆளை வேலைக்கு அமர்த்துவதும் அப்பாடத்தில்தான் வருகிறது. பொருளை விற்காமல் அதன் பயனை மட்டும் ஒரு காலத்துக்கு விற்பது இஜாரா. வீடு தரும் பயன் தங்குதல். மனிதன் தரும் பயன் உழைப்பு. இரண்டுக்கும் கொடுக்கப்படுவது ‘உஜ்ரத்’ என்னும் ஒரே பெயரால் வழங்கும்.

மதரஸாவில் இப்பாடத்தை நடத்தும்போதெல்லாம் நமக்கு ஒரு கேள்வி எழுவதுண்டு. வீட்டின் பயனையும் மனிதனின் பயனையும் அறிஞர்கள் ஒரே பாடத்தில் வைத்தார்கள். நாமோ அவற்றைப் பிரித்து, ஒன்றை ஏற்றிக்கொண்டும் மற்றொன்றை இறக்கிக்கொண்டும் போகிறோம். ஒரு மனிதனின் உழைப்பை அழைக்கும் நகரம், அவன் இரவில் தலைசாய்க்கும் இடத்துக்குப் பொறுப்பேற்க வேண்டுமா, வேண்டியதில்லையா? இதுவே ஈண்டு நாம் ஆராய விரும்புவது.

இப்னு கல்தூன் கண்ட நகரம்

இது புதிய கேள்வியன்று. தூனிஸ் நகரில் 1332-ஆம் ஆண்டில் பிறந்த இப்னு கல்தூன், 1377-ஆம் ஆண்டில் எழுதிய ‘முகத்திமா’ என்னும் நூலின் நான்காம் பகுதியில் நகரங்களைப் பற்றி விரிவாகப் பேசுகிறார். அங்கே மூன்று கருத்துக்களை அடுத்தடுத்து வைக்கிறார். செல்வம் பெருகிய நகரில் உழைப்பின் விலை உயரும் என்பது ஒன்று. பிறர் செய்து தருவதைப் பெற விரும்புவோர் அங்கே மிகுதி. ஆகவே கைத்தொழிலாளர்க்கும் பணியாளர்க்கும் கிராக்கி ஏறும். அத்தகைய நகரில் விலைவாசி உயர்ந்திருப்பதால் நாட்டுப்புறத்து எளியவர் வந்து குடியேற இயலாது என்பது இரண்டாவது. நகரம் தழைக்கும்போது அங்குள்ள நிலமும் மனையும் விலையேறி, உடையவர் பெருஞ் செல்வராகிவிடுவர். ஆயினும் அது அவருடைய சொந்த உழைப்பால் வந்த செல்வமன்று என்பது மூன்றாவது.

இம்மூன்றையும் சேர்த்து நோக்கினால் ஒரு நகரத்தின் நோய் தெளிவாகப் புலப்படும். நகரம் உழைப்பாளியை அழைக்கிறது. அதே நகரத்தின் விலைவாசி அவனைத் தடுக்கிறது. இரண்டுக்கும் இடையே மனையுடையவர் கைவருந்தாமல் பொருள் சேர்க்கிறார். அறுநூறு ஆண்டுகளுக்கு முன் மக்ரிபு நாட்டில் இருந்துகொண்டு எழுதியவர், நம் பனகல் பூங்காவின் ஓரத்தில் நின்று எழுதியதுபோல் இருக்கிறது.

ஒரே ஆண்டில் இரு வாயில்கள்

சென்னையின் தென்பகுதி வளர்ந்த வரலாறு அதிகம் பழையதன்று. தியாகராய நகர் 1920-களில், நெடிய ஏரியொன்றைத் தூர்த்து உருவாக்கப்பட்டது. நீதிக்கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயரின் பெயர் அதற்கு இடப்பட்டது. அடையாற்றில் நாடு விடுதலை பெற்ற காலத்தை ஒட்டிக் காந்தி நகர் எழுந்தது. மயிலாப்பூரோ அவற்றுக்கெல்லாம் மூத்த ஊர். இம்மூன்று இடங்களிலும் பெரிய வீடுகள் எழுந்தபோது, அவற்றுக்கு நீர் சுமந்தவரும், துணி வெளுத்தவரும், சமையல் செய்தவரும் அருகிலேயே வாழ்ந்தனர். பக்கிங்காம் கால்வாய்க் கரையிலும், அடையாற்றின் கரையிலும், கடற்கரைக் குப்பங்களிலும் அவர்களுடைய குடிசைகள் இருந்தன. அவை நல்ல வீடுகள் அல்ல. ஆனால் வேலை செய்யும் இடத்துக்கு நடந்து போகும் தொலைவில் இருந்தன.

1970-ஆம் ஆண்டில் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் தோன்றிற்று. 1971-இல் அதற்குரிய சட்டம் வந்தது. தொடக்க ஆண்டுகளில் வாரியம் செய்த வேலை போற்றத்தக்கது. மயிலாப்பூரை ஒட்டிய நொச்சிக்குப்பம் போன்ற இடங்களில், மக்கள் வாழ்ந்த மண்ணிலேயே அவர்களுக்கு மாடிக் குடியிருப்புகள் கட்டித் தரப்பட்டன. குடிசை மாறிற்று, குடி மாறவில்லை.

பின்னர் நிலத்தின் விலை ஏறிற்று. 2000-ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. கணினித் தொழில் தென்சென்னையின் முகத்தையே மாற்றியது. அதே 2000-ஆம் ஆண்டில்தான் நகரின் தெற்கு விளிம்பில், ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் குடியேற்றம் தொடங்கிற்று. ஒரே ஆண்டில் நகரம் ஒரு வாயிலைத் திறந்து செல்வத்தை உள்ளே அழைத்தது. மற்றொரு வாயிலைத் திறந்து உழைப்பாளிகளை வெளியே அனுப்பியது. அதன்பின் செம்மஞ்சேரி, எழில் நகர், பெரும்பாக்கம் என்று குடியேற்றங்கள் பெருகின. கண்ணகி நகரிலும் அதனை அடுத்த எழில் நகரிலுமாக 23 ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள். பெரும்பாக்கத்தில் ஏறத்தாழ 20 ஆயிரம். 2015-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்துக்குப் பின் அடையாற்றுக் கரையிலிருந்தும் கூவக் கரையிலிருந்தும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அங்கே கொண்டுபோகப்பட்டன.

ஒரு கணக்கு

பெரும்பாக்கத்திலிருந்து மயிலாப்பூருக்கு வந்து நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கும் ஒரு பெண்மணியின் நாளைக் கணக்கிட்டுப் பார்ப்போம். பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் வருவதற்கு ஒன்றரை மணி, திரும்புவதற்கு ஒன்றரை மணி. நாளொன்றுக்கு மூன்று மணி நேரம். மாதத்தில் 25 நாள் வேலை என்று கொண்டால் 75 மணி நேரம். எட்டு மணி வேலை நாளாகக் கணக்கிட்டால் ஒன்பது நாளைய உழைப்புக்கும் மேல். இந்த ஒன்பது நாளுக்குக் கூலி கொடுப்பவர் யார்? எவருமில்லை. 2021-ஆம் ஆண்டு மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றாயிற்று. அது பெரும் உதவியே. ஆனால் பேருந்துக் கட்டணத்தை அரசு விட்டுக்கொடுக்கலாம். போன பொழுதை யார் திருப்பிக் கொடுப்பது? அப்பொழுதில் அவள் பிள்ளைகள் தாயில்லாமல் பள்ளிக்குப் புறப்படுகின்றனர்.

இதனால் பலர் வேலையை விட்டுவிட்டனர். காலை ஆறு மணிக்கு வாசல் தெளிக்க வரவேண்டும் என்றால் அவ்வளவு தொலைவிலிருந்து எப்படி வர இயலும்? வேறு வேலை தேடி அருகிலுள்ள அடுக்குமாடிகளுக்குப் போனால், கண்ணகி நகர் முகவரியைக் கேட்டதுமே சில இடங்களில் கதவு சாத்தப்படுகிறது. ஆக, மயிலாப்பூரில் “ஆள் கிடைப்பதில்லை”. கண்ணகி நகரில் “வேலை கிடைப்பதில்லை”. ஒரே நகரத்தில் இரண்டு குறையும் ஒரே நேரத்தில் இருப்பது ஏன் என்றால், இரண்டுக்கும் நடுவே நாம் தொலைவை வைத்துவிட்டோம்.

கிதாபுகளில் வாகனப் பிராணிகளை வாடகைக்கு எடுப்பதைப் பற்றிய சட்டங்கள் உண்டு. பேசிய இடத்தைத் தாண்டி ஒருவன் அப்பிராணியை ஓட்டிச் சென்றால், அதற்கு நேரும் கேட்டுக்கு அவனே பொறுப்பாளி என்பர் அறிஞர்கள். தொலைவு என்பதும் ஒரு சுமை என்று அவர்கள் கண்டார்கள். பேசாத தொலைவைப் பிராணியின்மீது ஏற்றுவது குற்றமாயின், மனிதர்மீது ஏற்றுவது என்ன?

இராஜா அண்ணாமலைபுரத்தில் கோவிந்தசாமி நகர் என்ற குடியிருப்பு பக்கிங்காம் கால்வாயை ஒட்டி இருந்தது. நீதிமன்ற ஆணையின்படி 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் அங்குள்ள வீடுகளை இடிக்கத் தொடங்கினர். மே 8-ஆம் நாள், அங்கு வாழ்ந்த முதியவர் ஒருவர் தம்மீது தீ வைத்துக்கொண்டார். மறுநாள் உயிர் பிரிந்தது. உயிரை மாய்த்துக்கொள்வதை நாம் ஒருபோதும் சரியென்று கூறோம். ஆனால் அம்மக்கள் கேட்டது மாளிகை அன்று. பிழைப்பு இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கூரை. இறப்புக்குப் பின் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில், மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதிகளிலேயே அவர்களுக்கு வீடு தரப்படும் என்றும், இனி மக்களோடு முன்கூட்டியே கலந்து பேசப்படும் என்றும் அறிவித்தார். அருகிலேயே வீடு தருவது இயலாத காரியமன்று என்பது அதனால் விளங்கிற்று. அது விளங்குவதற்கு ஓர் உயிர் போக வேண்டியிருந்தது என்பதே நெஞ்சை உறுத்துகிறது.

வெளியூரிலிருந்து வந்தவர்கள்

வெளியே அனுப்பிய கைகளுக்கு ஈடாக நகரம் தொலைவிலிருந்து வேறு கைகளை வரவழைக்கிறது. தியாகராய நகர் ரங்கநாதன் தெருக் கடைகளுக்குத் தென்மாவட்டப் பிள்ளைகள் வந்து சேர்ந்த கதையை 2010-இல் வெளிவந்த ‘அங்காடித் தெரு’ என்னும் திரைப்படம் காட்டிற்று. நாளெல்லாம் நின்றுகொண்டே விற்பனை செய்தவர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 2021-இல்தான். உட்காருவதற்கே சட்டம் வேண்டியிருந்தது. படுப்பதற்கு என்ன சொல்வது?

இன்று கச்சேரி சாலைக்கும் பனகல் பூங்காவுக்கும் அடியில் மெட்ரோ இரயில் பாதைக்காக மண்ணைத் துளைப்போரில் வடக்கிலும் கிழக்கிலும் உள்ள மாநிலத்தவர் நிறைந்துள்ளனர். அடுக்குமாடி கட்டுவோரும் அவ்வாறே. பணியிடத்துத் தகரக் கொட்டகைகளில் அவர்கள் உறங்குகின்றனர். 2014-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் நாள் போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டு வந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனர். ஆந்திரம், ஒடிசா, தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் ஆகியவற்றிலிருந்து வந்த தொழிலாளர் அவர்கள். பிறர் குடியிருக்கும் வீடுகளைக் கட்டி முடிக்குமுன் அவற்றின் கீழேயே புதைந்தனர்.

2020-ஆம் ஆண்டு ஊரடங்கின்போது இவர்களுக்கு நகரத்தில் வேலை இல்லை. வேலை இல்லாதபோது இருக்க இடமும் இல்லை. சிலர் நடந்தும் பலர் இரயிலேறியும் ஊர் திரும்பினர். பிறகு பணி தொடங்கியபோது ஆள் பற்றாக்குறை கண்டு, பேருந்து அமர்த்தியும் விமானச் சீட்டு வாங்கியும் அவர்களைத் திரும்ப அழைத்தவர்கள் உண்டு. 2023 மார்ச்சில் வடமாநிலத்தவர் தாக்கப்படுவதாகப் பொய்ச் செய்தி பரவியபோது, அவர்கள் போய்விடுவார்களோ என்று தொழில்துறை நடுங்கிற்று. வீடு இருப்பவன் வதந்தியைக் கேட்டால் கதவைத் தாழிட்டுக்கொள்வான். வீடு இல்லாதவன் மூட்டை கட்டுவான். வேரில்லாத உழைப்பு காற்றடித்தால் போய்விடும்; அதைக் கண்டு குறைப்பட நமக்கு உரிமையில்லை.

மறுப்புகள்

ஈண்டு இரண்டு மறுப்புகள் எழக்கூடும். ஆற்றங்கரையில் வாழ்வது உயிருக்கு ஆபத்து. அப்புறப்படுத்தியது நன்மைதானே என்பது ஒன்று. ஆபத்திலிருந்து அப்புறப்படுத்துவது நன்மையே. ஆனால் ஆபத்திலிருந்து விலக்குவது வேறு, பிழைப்பிலிருந்து விலக்குவது வேறு. மேலும், கொண்டுபோய் விட்ட செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை அடுத்த தாழ்ந்த இடங்கள்; பெருமழையில் அங்கும் வெள்ளம் சூழ்கிறது. அதே சதுப்புநிலத்தின் ஓரத்தில் உயர்ந்த கட்டடங்களும் நிற்கின்றன. அவற்றை எவரும் அப்புறப்படுத்தவில்லை.

மற்றொரு மறுப்பு இன்னும் வலியது. என் வீடு என் உடைமை. ஊரில் போகும் வாடகையை நான் கேட்கிறேன். இதில் ஹராம் எங்கே வந்தது என்பர். இதனை எளிதில் தள்ளிவிட முடியாது. வாடகை வாங்குவது ஆகுமான வருமானம். ஒரு விதவைத் தாய்க்கு மேல்மாடி வாடகையே மருந்துச் செலவும் சோற்றுச் செலவுமாக இருக்கிறது. அவரை எவரும் குறை கூற இயலாது.

ஆயினும் ஆகுமானது அனைத்தும் அழகானது அன்று. ஒருவனுடைய இக்கட்டைக் கண்டு விலையை உயர்த்துவதை நம் அறிஞர்கள் என்றும் வெறுத்தே வந்துள்ளனர். ‘இஹ்திகார்’ எனப்படும் பதுக்கலைப் பற்றி அவர்கள் பேசும்போது, அது உணவுப் பொருளுக்கே உரியது என்று பலர் கூறினர். இமாம் அபூ யூசுஃப் அவர்களோ, எதனை அடைத்து வைத்தால் பொதுமக்களுக்குத் தீங்கு விளையுமோ அதுவெல்லாம் பதுக்கலே என்று கொண்டார்கள். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய நகரங்களில் ஒரு கோடிக்கு மேற்பட்ட வீடுகள் பூட்டிக் கிடந்தன. அவற்றுட் சில பழுதுபட்டவையாக இருக்கலாம்; சில வழக்கில் இருக்கலாம். விலை ஏறட்டும் என்று பூட்டி வைத்தவையும் உண்டல்லவா? அரிசி மூட்டையை அடுக்கிப் பூட்டினால் பாவம் என்று அஞ்சும் நாம், வீட்டை அடுக்கிப் பூட்டும்போது ஏன் அஞ்சுவதில்லை?

யார் கடமை?

பொறுப்பு மூவருக்கு உண்டு. முதலாவது, வேலை தருவோர். முற்காலத்துத் தொழிலதிபர் சிலர் இதனை உணர்ந்திருந்தனர். பெரம்பூரில் பின்னி ஆலை தன் தொழிலாளர்க்குக் குடியிருப்புகள் கட்டியது. இரயில்வே துறை காலனிகள் அமைத்தது. அண்மையில், 2024 ஆகஸ்டில், திருப்பெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்க்காக 18,720 படுக்கைகள் கொண்ட குடியிருப்பு திறக்கப்பட்டது. விடுதி உணவால் நோயுற்ற தொழிலாளப் பெண்கள் 2021 டிசம்பரில் நெடுஞ்சாலையில் அமர்ந்து போராடியதை நாடு மறக்கவில்லை. இந்த ஏற்பாடு வரவேற்கத்தக்கது. எனினும் படுக்கை வேறு, வீடு வேறு என்பதை மறக்கலாகாது. படுக்கையில் ஒரு தொழிலாளி உறங்கலாம். தாயும் தந்தையும் பிள்ளையும் சேர்ந்து வாழ வீடுதான் வேண்டும்.

இரண்டாவது, அரசு. வாழுமிடத்திலேயே கட்டித் தருவது என்னும் 1970-களின் வழிக்கு அது திரும்ப வேண்டும். 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படக் கூடாது என்கிறது. சென்னையின் பழைய வழக்கமோ பத்து மாதம். உடன்பாடு என்ற சொல்லின் நிழலில் அப்பழக்கம் ஒளிந்துகொள்ள இடமிருக்கிறது. பத்து மாத வாடகையை ஒருசேரத் திரட்டக்கூடிய கூலித் தொழிலாளி எங்கே இருக்கிறார்?

மூன்றாவது, நாம். இதைச் சொல்லும்போது நம் சமுதாயத்தைத் தனியே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. 1970-களிலிருந்து நம் ஊர்களின் ஆண்மக்கள் வளைகுடா நாடுகளுக்குக் கப்பலிலும் விமானத்திலும் போயினர். எண்ணெய் வளத்தால் செழித்த அந்நகரங்களும் உழைப்பை அழைத்தன. உழைப்பாளியின் குடும்பத்தை அழைக்கவில்லை. ஓர் அறையில் எட்டுப் பேர், பத்துப் பேர். ‘பெட் ஸ்பேஸ்’ என்று கட்டிலுக்கு வாடகை. நம் தந்தையரும் அண்ணன்மாரும் அந்தக் கட்டிலில் இருபது ஆண்டு, முப்பது ஆண்டு கழித்தனர். மனைவி கடிதத்தில் வளர்ந்தாள். பிள்ளை நிழற்படத்தில் வளர்ந்தது. அந்தக் கட்டிலின் வியர்வைதான் பணமாக வந்து, பல குடும்பங்களுக்குச் சென்னையில் வீடாக நிற்கிறது. அவ்வீட்டை நாம் இன்று வாடகைக்கு விடுகிறோம்.

இந்நகரின் சில தெருக்களில் நம் பெயரைக் கேட்டதும் “வீடு இல்லை” என்று சொல்லப்படுவதையும் நாம் அறிவோம். உண்ணும் உணவைக் கேட்டுக் கதவடைக்கப்பட்ட வேதனையும் நமக்குத் தெரியும். ஆகவே வீடில்லாத் தொழிலாளியின் நிலை நமக்குப் புத்தகத்தில் படித்த செய்தியன்று. கட்டிலுக்கு வாடகை கொடுத்தவனின் மகன், வாடகைக்கு வந்தவனிடம் ஊரையும் சாதியையும் மொழியையும் கேட்டுத் திருப்பி அனுப்பினால், அவன் தன் தகப்பனாரையே வாசலில் நிற்க வைத்துத் திருப்பி அனுப்புகிறான்.

பெருந்தியாகம் எதையும் நாம் வேண்டவில்லை. வீடு பூட்டிக் கிடந்தால் திறந்து விடுக. வாடகையை உயர்த்துமுன், குடியிருப்பவரின் கூலி உயர்ந்ததா என்று ஒரு வார்த்தை கேட்க. முன்பணத்தை மூன்று மாதத்தோடு நிறுத்துக. வீட்டு வேலைக்கு வரும் பெண்மணி எங்கிருந்து வருகிறார் என்று விசாரித்து, வழிப்பொழுதுக்கும் சேர்த்துக் கூலி கொடுக்க. சென்ட்ரல் இரயில் நிலையத்துக்கு எதிரே முற்காலச் செல்வர்கள் ராமசாமி முதலியார் சத்திரத்தையும் சித்தீக் சராயையும் எழுப்பினார்கள். நகருக்கு வரும் அந்நியனுக்கு முதல் இரவில் ஒரு கூரை வேண்டும் என்று அவர்கள் எண்ணினார்கள். நம் ஜமாஅத்துக்கள், வெளியூரிலிருந்து வரும் தொழிலாளிக்கு எந்தத் தெருவில் எந்த வீடு காலியாக இருக்கிறது என்று சொல்லும் ஒரு பதிவேட்டையாவது வைத்திருக்கலாம். எந்த மதத்தவர் கேட்டாலும் அதைத் திறந்து காட்டலாம்.

கூலிக்கு ஆள் வேண்டும் என்போர், குடிக்கூலியைப் பற்றியும் பேசியாக வேண்டும். இரண்டையும் ஒரே பாடத்தில் வைத்து நமக்குக் கற்பித்தவர்கள் காரணமின்றி அவ்வாறு செய்யவில்லை. அடுத்த முறை நம் வீட்டுத் திண்ணையில் “ஆள் கிடைப்பதில்லை” என்ற பேச்சு எழும்போது, “அவர் குடியிருக்க இத்தெருவில் இடம் இருக்கிறதா?” என்று ஒருவராவது கேட்போமாக.